மூட்டு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: உடலின் மூட்டுகளைத் தொட்டறிய ஒரு முழு வழிகாட்டி

நன்கு அசையும் மூட்டுகள் எத்தனை வகை என்று கேட்டால், பள்ளிப் பாடம் படித்த யாரும் ஆறு என்று சொல்லிவிடுவார்கள்: கீல், முளை, முண்டனைய, சேண, பந்துக்கிண்ண, வழுக்கு மூட்டுகள். அந்தப் பட்டியல் சரிதான். ஆனால் அதை மனப்பாடமாக ஒப்பிப்பவருக்கும், முஷ்டி பிடித்தபின் விரல்களை ஏன் அகல விரிக்க முடியவில்லை, நீட்டிய முழங்கால் ஏன் திரும்ப மறுக்கிறது என்று கேட்டால் பதில் வராது. மூட்டு எப்படி அசைகிறது என்று மட்டும் படித்திருப்போம். எங்கே நிற்கிறது, எது அதை நிறுத்துகிறது என்று பார்த்திருக்க மாட்டோம். என்னைக் கேட்டால் பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டியைப் படித்துக்கொண்டே செய்து பாருங்கள். ஒரு நாற்காலி போதும். கோணமானி கையில் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு மூட்டிடமும் மூன்று கேள்விகள் கேட்கப் போகிறோம்: சந்திக்கும் எலும்பு முனைகள் என்ன வடிவம்? எத்தனை திசைகளில் அசைகிறது? கடைசியில் எது நிறுத்துகிறது?

நிறுத்தம் மூன்று விதமாக இருக்கும். எலும்பு எலும்பில் போய் முட்டினால் டக்கென்று கெட்டியாக நிற்கும். சதை சதையோடு அழுந்தினால் மெத்தென்று நிற்கும். நார் இழுபட்டால் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிட்டு இறுகும். எலும்பு நோய்ப் பிரிவு மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் உங்கள் கையை மெதுவாக மடக்கிப் பார்க்கும்போது, அவர்கள் விரல்கள் தேடுவது இந்த வித்தியாசத்தைத்தான்.

ஒரு எச்சரிக்கை. எந்தச் சோதனையிலும் வலி வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்த மூட்டையும், முன்பு நழுவிய மூட்டையும் தொட வேண்டாம்.

படி 1: தொடக்க நிலை

நேராக நின்று, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்னோக்கித் திருப்புங்கள். உடற்கூறியலில் எல்லா அசைவுக்கும் இதுதான் பூஜ்யம். மூட்டின் கோணத்தைக் குறைத்தால் மடக்கல். மறுபடி நேராக்கினால் நீட்டல். உடலின் நடுக்கோட்டிலிருந்து அப்பால் கொண்டுபோனால் விலக்கல், திரும்பக் கொண்டுவந்தால் சேர்த்தல். எலும்பு தன் நீள அச்சிலேயே திரும்பினால் சுழற்றல். முதல் நான்கையும் வரிசையாகக் கோத்து, கை நுனியால் காற்றில் வட்டம் போட்டால் அது சுற்றல். சுழற்றலையும் சுற்றலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பின்னால் விரல் கணுவுக்கு வரும்போது இந்த வேறுபாடு தேவைப்படும்.

படி 2: அசையாதவற்றை முதலில் முடித்துவிடுவோம்

தலையில் கை வைத்துப் பாருங்கள். மண்டையோட்டு எலும்புகள் ரம்பப் பல் போன்ற விளிம்புகளால் கோத்து, இடையில் மெல்லிய நார்த்திசுவால் இறுகியிருக்கின்றன. பெரியவர்களுக்கு இங்கே அசைவு இல்லை என்றே சொல்லலாம். குழந்தை பிறக்கும்போது கதை வேறு. எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி, தலை பிறப்புப் பாதையில் நுழைய இடம் தரும். உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் மூடிக்கொள்ளும்.

பல்லும் தாடைக்குழியும் சேரும் இடமும் இதே நார்மூட்டு வகைதான். பல் எலும்பே இல்லையே என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான், வழக்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பல் குழிக்குள் மெல்லிய நாரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சாப்பிடும்போது ஒரு மணல் துகள் அகப்பட்டால்கூட உடனே தெரிவதற்கு அந்த நாரில் உள்ள நரம்பு முனைகளும் ஒரு காரணம்.

படி 3: கொஞ்சமாக அசைபவை

முதுகெலும்பின் முள்ளெலும்புகளுக்கு இடையே குருத்தெலும்புத் தட்டுகள், அதாவது டிஸ்க்குகள், 23 இருக்கின்றன. வெளியே வளையம் வளையமாக உறுதியான நார், உள்ளே நீர் நிறைந்த கூழ். ஒரு தட்டு அனுமதிக்கும் அசைவு சில பாகைகள்தான். குனிந்து காலைத் தொட முடிவது, அந்தச் சிறு அசைவுகள் எல்லாம் கூடுவதாலும் இடுப்பு மூட்டு மடங்குவதாலும்.

இதில் உங்களால் அளக்கக்கூடிய ஒன்று உண்டு. காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் சுவரோரம் நின்று உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு தூங்கப் போகுமுன் மறுபடி குறியுங்கள். பகல் முழுக்க உடல் எடை அழுத்தி டிஸ்க்கிலிருந்து நீரைப் பிதுக்குவதால் ஒரு சென்டிமீட்டர் அளவு, சிலருக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே, குறைந்திருப்பீர்கள். இரவு படுத்ததும் நீர் திரும்ப ஊறும்.

இடுப்புக்கூட்டின் முன்பக்கம் இரண்டு எலும்புகள் சேரும் இடமும் இதே வகை. கர்ப்ப காலத்தில் ஹார்மோன்களால் அங்குள்ள நார்கள் தளர்ந்து இடைவெளி சில மில்லிமீட்டர் கூடும்.

படி 4: நன்கு அசையும் மூட்டின் உள்ளே

இனி வருபவை எல்லாம் சைனோவியல் மூட்டுகள். அமைப்பு எல்லாவற்றுக்கும் பொது. எலும்பு முனைகளில் சில மில்லிமீட்டர் தடிமனில் வழவழப்பான குருத்தெலும்பு. சுற்றிலும் ஒரு நார் உறை. அந்த உறையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய சவ்வு. சவ்வு சுரக்கும் திரவம் முட்டை வெள்ளைக்கருபோல் வழுவழுப்பாக இருக்கும். முழங்காலைப் போன்ற பெரிய மூட்டிலும் இயல்பாக இருப்பது சில மில்லிலிட்டர்தான். அதற்கே இத்தனை வழுக்கல்.

குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அதற்கு உணவு இந்தத் திரவத்திலிருந்து வருகிறது; மூட்டு அழுந்தி விடுபடும்போது திரவம் உள்ளே போய் வருகிறது. மூட்டை அசைக்காமலே வைத்திருப்பது ஏன் நல்லதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. நரம்பு இல்லாததால் தேய்மானம் தொடக்கத்தில் வலிப்பதும் இல்லை.

சொடக்கு எடுப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். விரலை இழுக்கும்போது மூட்டின் உள்ளே அழுத்தம் சட்டென்று குறைந்து, திரவத்தில் கரைந்திருந்த வாயு வெளிவந்து ஒரு குமிழ்போன்ற இடைவெளி திறந்துகொள்கிறது. 2015-இல் எம்.ஆர்.ஐ. படங்களில் இது நிகழ்வதையே பிடித்துக் காட்டினார்கள். ஒருமுறை சொடக்கு எடுத்த விரல் மறுபடி சொடுக்க ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். டொனால்டு அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடது கையில் மட்டும் சொடக்கு எடுத்து, வலது கையோடு ஒப்பிட்டு, மூட்டுவாதம் எதிலும் இல்லை என்று கண்டார். 2009-இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒரு மனிதரின் இரண்டு கைகளை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாதுதான். ஆனாலும் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

படி 5: கீல் மூட்டு

முழங்கையில் தொடங்குங்கள். மேல்கை எலும்பின் கீழ்முனை நடுவில் பள்ளம் விழுந்த உருளை. முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்றான அல்னா, கொக்கிபோல் வளைந்து அதைப் பிடித்திருக்கிறது. ஆகவே ஒரே அச்சு. மடக்கல், நீட்டல் மட்டும்.

இப்போது கையை முழுக்க நீட்டுங்கள். டக்கென்று நிற்கிறதா? அல்னாவின் பின்முனை மேல்கை எலும்பின் பின்குழிக்குள் போய் முட்டுகிறது. அடுத்து முழுக்க மடக்குங்கள். 145 பாகை அளவில் முன்கைச் சதை மேல்கைச் சதையில் அழுந்தி மெத்தென்று நிற்கும். ஒரே மூட்டில் இரண்டு வேறு நிறுத்தங்கள். உடற்பயிற்சி செய்து புஜம் பெருத்தவர்களுக்கு மடக்கல் சற்றே முன்னதாக நின்றுவிடுவதற்கு மூட்டில் எந்தக் குறையும் காரணமல்ல.

விரல்களின் நடுக்கணுவும் நுனிக்கணுவும் கீல் மூட்டுகளே. ஆள்காட்டி விரலின் முதல் கண்டத்தை மறுகையால் பிடித்துக்கொண்டு நுனியைப் பக்கவாட்டில் ஆட்ட முயன்று பாருங்கள். நகராது.

கணுக்காலும் இதே வகைதான். பாதத்தை மேலே இழுத்தால் 20 பாகை, கீழே நீட்டினால் 50 பாகை அளவு. உள்ளே உட்காரும் எலும்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருப்பதால், பாதம் மேலே இழுபட்டிருக்கும்போது இறுக்கமாகப் பொருந்தும். கீழே நீண்டிருக்கும்போது தளரும். படி இறங்கும்போதும் குதிகால் உயர்ந்த செருப்பிலும் கால் பிசகுவது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

படி 6: முளை மூட்டு

முழங்கையை 90 பாகை மடக்கி விலாவோடு ஒட்டி வையுங்கள். உள்ளங்கையை மேலே, பிறகு கீழே திருப்புங்கள். கையை நீட்டி வைத்துக்கொண்டு செய்தால் தோளும் சேர்ந்து சுழன்று கணக்கை ஏமாற்றிவிடும்; அதனால்தான் மடக்கச் சொன்னேன்.

இப்போது மறுகை விரலால் முழங்கையின் வெளிப்பக்கப் புடைப்பைத் தேடுங்கள். அதற்குச் சற்றுக் கீழே ஒரு சிறு குழி தெரியும். அதில் விரலை அழுத்தியபடி உள்ளங்கையைத் திருப்பினால், உள்ளே ஏதோ உருள்வது தட்டுப்படும். அது முன்கையின் மற்றொரு எலும்பான ரேடியஸின் தலை. ஒரு வளைய நாருக்குள் அது சுழல்கிறது. மணிக்கட்டுப் பக்கத்தில் அதே எலும்பு அல்னாவைச் சுற்றி வந்து குறுக்கே கிடக்கிறது. உள்ளங்கை மேலே பார்க்கும்போது இரண்டு எலும்பும் இணையாக இருக்கும், கீழே பார்க்கும்போது எக்ஸ் எழுத்துப்போல் குறுக்கிட்டிருக்கும். கதவுப்பிடி, திருப்புளி, சாவி எல்லாம் இந்த ஒரு திருப்பத்தை நம்பித்தான் இருக்கின்றன.

கழுத்தில் இதன் பெரிய அண்ணன் இருக்கிறது. இரண்டாம் முள்ளெலும்பிலிருந்து ஒரு முளை மேலே நீள, வளையமான முதல் முள்ளெலும்பு அதைச் சுற்றித் திரும்புகிறது. "இல்லை" என்று தலையாட்டும்போது நடக்கும் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மூட்டில் நிகழ்கிறது. "ஆமாம்" என்பதற்கு அதற்கும் மேலே, மண்டையோடு முதல் முள்ளெலும்பில் உட்காரும் இடம் அசைகிறது.

படி 7: விரல் கணுவும் மணிக்கட்டும்

எனக்குப் பிடித்த சோதனை இது. விரல்களை நீட்டி அகல விரியுங்கள், எளிதாக வரும். இப்போது உள்ளங்கையோடு விரல்கள் சேரும் கணுவை மட்டும் 90 பாகை மடக்கி, விரல்கள் முன்னே நீட்டியிருக்க, மறுபடி விரியுங்கள். ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது.

தசை பலவீனமாகிவிடவில்லை. இந்தக் கணுவில் எலும்பின் தலை சரியான உருண்டை அல்ல. நுனியைவிட உள்ளங்கைப் பக்கம் புடைத்திருக்கும். இருபுறமும் எலும்பையும் எலும்பையும் கட்டும் நார், அதாவது லிகமெண்ட், விரல் நீண்டிருக்கும்போது தளர்வாகவும் மடங்கும்போது அந்தப் புடைப்பின்மேல் இழுபட்டு இறுக்கமாகவும் ஆகிறது. நீட்டிய விரல் தேடவும் தடவவும் வேண்டும், அதற்கு அசைவு தேவை. மடங்கிய விரல் பிடிக்க வேண்டும், அதற்கு உறுதி தேவை. இரண்டையும் ஒரே நார் பார்த்துக்கொள்கிறது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும்போது இந்தக் கணுவைப் பெரும்பாலும் மடக்கி வைத்தே கட்டுவதும் இதனால்தான். நீட்டிய நிலையில் வாரக்கணக்கில் விட்டால் நார் சுருங்கி, பின்பு விரல் மடங்காது.

முண்டனைய மூட்டு என்று இதற்குப் பெயர்: நீள்வட்டத் தலை, ஆழமில்லாத குழி, இரண்டு அச்சுகள். விரல் நுனியால் காற்றில் வட்டம் போடலாம். ஆனால் விரலை அதன் நீள அச்சில் தானாகத் திருப்ப முடியாது. சுற்றல் உண்டு, சுழற்றல் இல்லை.

மணிக்கட்டும் அதே வகை. பக்கவாட்டில் சாய்த்தால் கட்டை விரல் பக்கம் குறைவாகவும் சுண்டு விரல் பக்கம் அதிகமாகவும் போகும். ரேடியஸின் முனை கட்டை விரல் பக்கம் நீண்டு தடுக்கிறது. அப்புறம் மணிக்கட்டை முழுக்க உள்ளே மடக்கிக்கொண்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள். விரல்கள் முழுதாக மூடாது. விரல் நீட்டும் தசைநாண்கள் மணிக்கட்டின் மேலாக வருவதால், அங்கேயே நீளம் தீர்ந்துவிடுகிறது. இங்கே நிறுத்தியது மூட்டு அல்ல, அதைக் கடந்து போகும் தசை. இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள். இடுப்பில் மறுபடி வரும்.

படி 8: கட்டை விரல்

கட்டை விரலின் அடியில் இரண்டு எலும்பு முனைகள், ஒவ்வொன்றும் ஒரு திசையில் குழிந்தும் மறு திசையில் குவிந்தும், ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் பொருந்தியிருக்கின்றன. சேண மூட்டு. உள்ளங்கைத் தளத்திலேயே விரலை அசையுங்கள். அடுத்து தளத்துக்குச் செங்குத்தாக மேலே தூக்குங்கள். பிறகு சுண்டு விரல் நுனியைத் தொடுங்கள், நகத்தைக் கவனித்தபடி. நகம் பார்க்கும் திசை மாறுகிறது அல்லவா? இரண்டு அசைவும் சேரும்போது எலும்பு கொஞ்சம் திரும்பியும் விடுகிறது. எழுதுவதும் ஊசியில் நூல் கோப்பதும் இதனால் முடிகிறது. நாம் கையில் அதிகம் வேலை வாங்கும் மூட்டு என்பதால், வயதானபின் தேய்மானம் அடிக்கடி காணும் இடமும் இதுவே.

படி 9: பந்துக்கிண்ண மூட்டு

தோளும் இடுப்பும் ஒரே வகை, ஆனால் குணத்தில் எதிரெதிர். தோளில் பந்து பெரிது, கிண்ணம் ஆழமில்லாத சிறு தட்டு. பந்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்குள் அடங்காது. விளிம்பில் ஒரு குருத்து வளையம் கொஞ்சம் ஆழம் சேர்க்கிறது. மற்றபடி பந்தைக் கிண்ணத்தோடு அழுத்திப் பிடித்திருப்பவை நான்கு தசைகள்தான். எல்லாத் திசையிலும் அசைவு கிடைத்தது. விலையாக, பெரிய மூட்டுகளில் அதிகம் நழுவுவது தோள்தான், பெரும்பாலும் முன்பக்கமாக.

கட்டை விரல் தரையைப் பார்க்கும்படி கையை உட்புறம் திருப்பி, மெதுவாகப் பக்கவாட்டில் உயர்த்துங்கள். தோள் உயரத்தைத் தாண்டியதும் தடுமாறும். கட்டை விரலை மேலே பார்க்குமாறு திருப்புங்கள். கை காதுவரை போய்விடும். மேல்கை எலும்பின் புடைப்பு தோள்பட்டையின் கூரையில் இடிக்காமல் இருக்க, எலும்பு வெளிப்பக்கம் சுழன்றாக வேண்டும்.

கையைக் காதுவரை உயர்த்தும் அந்த 180 பாகையும் ஒரே மூட்டின் வேலை என்று நினைக்க வேண்டாம். கையை உயர்த்தும்போது இன்னொருவரை உங்கள் தோள்பட்டை எலும்பின் கீழ்நுனியில் விரல் வைக்கச் சொல்லுங்கள். நுனி வெளியே நகர்ந்து வரும். மொத்தத்தில் 120 பாகை பந்துமூட்டிலும், 60 பாகை தோள்பட்டை எலும்பு திரும்புவதாலும் கிடைக்கிறது.

இடுப்பில் கிண்ணம் ஆழம். முன்பக்கம் ஒய் எழுத்து வடிவில் ஒரு லிகமெண்ட். உடலிலேயே மிக உறுதியானது என்று அதைச் சொல்வார்கள். நிமிர்ந்து நிற்கும்போது அது இறுகிக்கொள்வதால் தசை அதிகம் உழைக்காமலே நிற்க முடிகிறது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கித் தொடையை மார்புப் பக்கம் கொண்டுவாருங்கள்: 120 பாகை. இப்போது காலை நேராக நீட்டியே தூக்குங்கள். பலருக்கு 80, 90-இல் தொடையின் பின்புறம் இழுக்கும். இடுப்பு மூட்டு அதே மூட்டுதான். இடுப்பையும் முழங்காலையும் சேர்த்துக் கடக்கும் பின்தொடைத் தசை தடுக்கிறது. "எனக்கு இடுப்பு இறுக்கம்" என்பவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் இறுகியிருப்பது இந்தத் தசைதான்.

படி 10: வழுக்கு மூட்டு

சுருக்கமாக முடிக்கலாம். ஏறக்குறைய தட்டையான இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். மணிக்கட்டின் சிறு எலும்புகளுக்கு இடையிலும், நடுப்பாதத்திலும், முள்ளெலும்புகளின் பின்பக்கத்திலும் இவை உண்டு. தனித்தனியே உணர்வது கடினம், கூட்டாகத்தான் தெரியும்.

படி 11: வகைக்குள் அடங்காத இரண்டு

முழங்காலைக் கீல் மூட்டு என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை 90 பாகை மடக்கி, குதிகால் தரையில் இருக்க, பாதத்தை உள்ளும் புறமும் திருப்புங்கள். கீழ்க்கால் எலும்பு தாராளமாகச் சுழல்கிறது. காலை நீட்டிக்கொண்டு அதையே செய்யுங்கள். பாதம் திரும்புகிறது, ஆனால் முழங்கால் சில்லையும் பாருங்கள்: அதுவும் சேர்ந்து திரும்புகிறது. அப்படியானால் சுழல்வது இடுப்பு, முழங்கால் அல்ல. நீட்டும்போது கடைசிச் சில பாகைகளில் கீழ்க்கால் எலும்பு சற்றே வெளிப்பக்கம் திரும்பி, லிகமெண்ட்கள் இறுகி, மூட்டு பூட்டிக்கொள்கிறது. மடக்கத் தொடங்கும்போது முழங்காலின் பின்னால் உள்ள ஒரு சிறு தசை பூட்டைத் திறக்கிறது.

இன்னொன்று. தொடை எலும்பின் உருண்ட முனை வெறுமனே உருண்டுகொண்டே போனால், சிறிய மேடையான கீழ்க்கால் எலும்பின் பின்விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்துவிடும். அதனால் உருளும்போதே முன்னோக்கி வழுக்கவும் செய்கிறது. இந்த உருளலையும் வழுக்கலையும் ஒழுங்காக வைத்திருப்பவை நடுவிலுள்ள இரண்டு குறுக்கு லிகமெண்ட்களும், எடையைப் பரப்பித் தாங்கும் பிறை வடிவக் குருத்துத் தட்டுகளான இரண்டு மெனிஸ்கஸ்களும். எது கிழிந்தாலும் பேச்சில் ஜவ்வு கிழிந்துவிட்டது என்கிறோம். ஆனால் லிகமெண்ட் போனால் முழங்கால் நிலை தடுமாறும். மெனிஸ்கஸ் போனால் சிக்கிக்கொள்ளும்.

அடுத்தது தாடை. காதுக்குச் சற்று முன்னால் இரு விரல்களை வைத்து மெதுவாக வாயைத் திறங்கள். முதலில் எலும்புத் தலை நின்ற இடத்திலேயே திரும்பும். பாதி திறந்ததும் முன்னோக்கி வழுக்கி, விரலின் கீழ் ஒரு பள்ளம் விழும். கீலும் வழுக்கலும் ஒரே மூட்டில். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நகர்கிறதா, தாடை ஒருபுறம் கோணுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள்.

படி 12: அளந்து, ஒப்பிட்டு

கோணமானியின் நடுப்புள்ளியை மூட்டின் அச்சில் வைத்து, அதன் ஒரு கரத்தை அசையாத எலும்போடும் மறு கரத்தை அசையும் எலும்போடும் பொருத்துங்கள். நூலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவதைவிட, உங்கள் இடதை உங்கள் வலதோடு ஒப்பிடுவது பயன் தரும். வயது, பிறவி அமைப்பு இவற்றால் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு முழங்கை நேர்கோட்டையும் தாண்டிப் பத்துப் பாகை பின்னால் வளையும்.

இரண்டு முறை அளக்க வேண்டும். முதலில் நீங்களே அசைத்து. பிறகு தசையைத் தளர்த்திவிட்டு, இன்னொருவர் மெதுவாக அசைத்து. நீங்களாகத் தூக்க முடியாத கை மற்றவர் தூக்கினால் முழுக்கப் போகிறது என்றால், சந்தேகம் தசை, தசைநாண் அல்லது நரம்பின் மேல். யார் தூக்கினாலும் ஒரே இடத்தில் நின்றால் சிக்கல் பெரும்பாலும் மூட்டிலோ அதன் உறையிலோ இருக்கும். உறைந்த தோள் என்ற நிலையில் இப்படித்தான் ஆகிறது. மெத்தென்று நிற்க வேண்டிய இடத்தில் கெட்டியாக நின்றாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

காயத்துக்குப் பின் காலை ஊன்ற முடியவில்லை, முழங்கால் பாதியில் சிக்கி நீட்ட வரவில்லை, காலை நேர விறைப்பு வாரக்கணக்கில் அரை மணிக்கு மேல் நீடிக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். ஒரு மூட்டு திடீரென்று வீங்கி, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் மூட்டுக்குள் கிருமித்தொற்று இருக்கலாம். அப்போது அளப்பதை விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.